மணவறைக்குப் பின்னால் ஓர் ஒல்லாந்துத் தோட்டம்

அந்த ஓவியத்தை நான் முதலில் பார்த்தது மச்சானின் கைபேசியில். மச்சான் என்றால் என் மனுசியின் தம்பி. வார நாட்களில் டோர்ட்மண்டில் பஸ் ஓட்டுவான். சனி, ஞாயிறில் கலியாண வீடுகளுக்கு மணவறை கட்டுவான்.

கைபேசியில் ஒரு தோட்டம். பச்சையாக இருந்தது. வேறொன்றும் தெரியவில்லை. என் கண் அவ்வளவுதான்.

"பாத்தீங்களே அத்தான்?" என்றான். "ஒல்லாந்துப் பெயின்டிங். முந்நூறு வருசத்துக்குக் கிட்ட வரும். பெரிய வியாபாரி ஒருத்தன் தன்ர தோட்டத்தைக் கீறுவிச்சு வைச்சிருக்கிறான்."

"ம்."

"வடிவோ, இல்லையோ?"

"பச்சையா இருக்கு."

"உங்களிட்டக் கேட்டன் பாருங்கோ."

விஷயம் இதுதான். மகளுக்குக் கலியாணம். மண்டபம் எடுத்திருந்தோம். துப்பாக்கி சுடும் சங்கம் ஒன்றின் மண்டபம். கார் விட இடம் உண்டு. பெரிய குசினி உண்டு. மேடை உண்டு. மேடைச் சுவரில் ஒரு காட்டுப்பன்றியின் தலையும் உண்டு. அதைச் சுற்றி மான் கொம்புகள். கழற்றக் கூடாது என்றார்கள். சங்கத்தின் பன்றி.

ஐயரைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினோம். ஐயர் பன்றியைப் பார்த்தார். பன்றி ஐயரைப் பார்த்தது. "உதுக்கு முன்னால நான் மந்திரம் சொல்லமாட்டன்," என்றுவிட்டார்.

ஆகவே சுவரை மூட வேண்டும். சுவர் முழுக்க மூட ஒரு பனர், அச்சடித்த பெரிய துணி, வேண்டும். பனரில் ஒரு படம் வேண்டும். மற்றவர்கள் நீர்வீழ்ச்சி போடுவார்கள், அரண்மனை போடுவார்கள். மச்சான் ஒல்லாந்துத் தோட்டம் என்றான்.

அதற்கும் காரணம் இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் ஒல்லாந்துத் தமிழர், நெதர்லாந்தில் இருப்பவர்கள். மகள் கலியாணம் முடிந்து அங்கேதான் போகிறாள். மாப்பிள்ளையின் தாய் கீழ் வீட்டில், இவர்கள் மேல் வீட்டில். வாசல் ஒன்றுதான்.

சம்பந்தி அம்மா அதிகம் கதைக்காத ஆள். கலியாணம் பேச வந்த அன்று மனுசி வடை சுட்டுக் கொடுத்தாள். அவர் வடையைக் கையில் எடுத்தார். திருப்பிப் பார்த்தார். நடு ஓட்டையைப் பார்த்தார். தட்டில் திருப்பி வைத்துவிட்டார். ஒன்றும் சொல்லவில்லை.

அன்றிலிருந்து மனுசிக்கு நித்திரை போய்விட்டது.

"என்ர பிள்ளை அந்த வீட்டில சீவிக்க வேணும்," என்றாள். "எங்கட பக்கத்தால ஒரு குறையும் வரக்கூடாது. பிறகு அதைச் சொல்லிச் சொல்லியே பிள்ளையைக் குத்துவினம்."

எனக்கும் அதுதான். கலியாணம் எப்படியும் நடந்துவிடும். மகள் அந்த வாசலால் தலை நிமிர்ந்து ஏற வேண்டும். வேறொன்றையும் நான் கேட்கவில்லை.

"அவை ஒல்லாந்து," என்றான் மச்சான். "அவைக்கு ஒல்லாந்துத் தோட்டம். அந்தச் சம்பந்தி மனுசி மேடையைப் பாத்த உடனே குளிர்ந்து போயிடும். நெற் முழுக்கத் தேடி எடுத்தனான், அத்தான். சும்மா இல்லை."

சரி என்றேன். நான் பாண் பேக்கரியில் வேலை செய்கிறவன். ஓவியத்தைப் பற்றி என்ன சொல்ல?

கலியாணத்தன்று காலை பனரைக் கட்டினார்கள். நான் குசினிக்குச் சோற்றுப் பானை இறக்கிக்கொண்டிருந்தேன். மேடைப் பக்கம் 'ஆ' என்று சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன்.

உண்மையில் வடிவாகத்தான் இருந்தது. சுவர் முழுக்கத் தோட்டம். நடுவால் ஒரு வாய்க்கால், அடிமட்டம் வைத்துக் கீறிய மாதிரி. இரண்டு பக்கமும் செடிகள். ஒரு செடியும் தன் விருப்பத்துக்கு வளரவில்லை. எல்லாவற்றையும் உருண்டையாகவும் கூம்பாகவும் வெட்டியிருந்தார்கள், தலைமயிர் வெட்டிய மாதிரி. தொட்டிகளில் ஆரஞ்சு நிறப் பழங்களோடு தோடை மரங்கள். ஒரு மயில். மயில் நின்றதில் மனுசிக்குப் பெரிய திருப்தி.

சிலைகளும் நின்றன. அவற்றுக்கு உடுப்பு இல்லை. இதை மச்சான் முதலே கவனித்திருந்தான். அச்சடிக்கக் கொடுக்க முன் கொம்பியூட்டரில் எல்லாருக்கும் சீலை உடுத்திவிட்டான். சிவப்புச் சீலை, சரிகைக் கரை. ஒன்று ஆண் சிலை. தாடியும் உண்டு. அவருக்கும் சீலைதான்.

"வேட்டி கட்டியிருக்கலாமே," என்றேன்.

"வேட்டி கட்டினா மேல் தெரியும் அத்தான். ஐயர் இருக்கிறார்."

இடது பக்கம் வியாபாரி நின்றார். என் உயரம். என் வயிறு. தலையில் வெள்ளைப் பொய்முடி. கையில் தடி. தடியை நீட்டித் தோட்டத்தின் கடைசியில் எதையோ காட்டிக்கொண்டிருந்தார். முகத்தில் அப்படி ஒரு பெருமை. பக்கத்தில் அவருடைய மனுசி. அவள் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

தடி காட்டிய இடத்தில் ஒரு சின்ன வீடு. வெள்ளை நிறம். உருண்டைக் கூரை, கூரையின் மேல் சின்னக் கலசம் மாதிரி ஒன்று. கதவு பச்சை. கதவின் மேல்பக்கத்தில் ஓர் இதயம் வெட்டியிருந்தது. வீட்டிலிருந்து ஒரு வேலைக்காரப் பெண் வருகிறாள். இரண்டு கையாலும் ஒரு பானையைப் பிடித்திருக்கிறாள். பானை வெள்ளைத் துணியால் மூடியிருக்கிறது. முகத்தை மற்றப் பக்கம் திருப்பியிருக்கிறாள்.

மச்சான் விளங்கப்படுத்தினான்.

"கோயில் மாதிரி ஒரு சின்ன வீடு. கதவில இதயம். கலியாணத்துக்கெண்டே கீறின மாதிரி. அந்தப் பிள்ளையைப் பாருங்கோ, நிறைகுடம் கொண்டு வருகுது. வெக்கத்தில முகத்தைத் திருப்புது. அதுதான் அந்த வீட்டைச் சரியா நடுவில வர வைச்சனான். பொம்பிளையும் மாப்பிள்ளையும் இருந்தால் ரெண்டு தலைக்கும் நடுவில இதயம் வரும்."

மனுசிக்குக் கண் கலங்கிவிட்டது. குசினிக்குப் போய் ஒரு தேசிக்காய் எடுத்துக்கொண்டு வந்தாள். வெட்டிக் குங்குமம் தடவி, அந்த வீட்டுக்குக் கண்ணூறு படக்கூடாது என்று பனரின் அடியில் வைத்தாள்.

மணவறையை அதற்கு முன்னால் நிறுத்தினார்கள். ஐயர் வந்து இருந்தார். ஓமகுண்டம் வைத்தார். எல்லாம் சரி.

அப்போதுதான் மண்டபத்தைப் பார்க்கிற ஜெர்மன்காரர் வந்தார். பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லையா என்று பார்க்க வந்தவர். நல்ல மனிதர். மேடைக்கு முன்னால் வந்து நின்றார். பனரைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். நெடுநேரம் பார்த்தார்.

பிறகு என்னைக் கூப்பிட்டு, மெதுவாக, மரியாதையாகக் கேட்டார். இது உங்கள் சமயத்தில் வழக்கமா என்று.

எது என்று கேட்டேன்.

கழிப்பறைக்கு முன்னால் கலியாணம் செய்வது என்றார்.

நான் திரும்பிப் பனரைப் பார்த்தேன். அவர் தொடர்ந்து சொன்னார். அந்தக் காலத்தில் கழிப்பறையைத் தோட்டத்துக் கடைசியில்தான் கட்டுவார்களாம். கதவில் இதயம் வெட்டியிருந்தால் அதுதானாம். காற்றுப் போகவும் வெளிச்சம் வரவும். பிளும்ஸ்குளோ என்று பெயர், சுருக்கமாகக் குளோ. ஜெர்மனியில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும் என்றார்.

"அப்போ அந்தப் பெண் கையில்?" என்று கேட்டேன்.

அவர் என்னைப் பார்த்தார். நான் திருப்பிக் கேட்கவில்லை.

தான் யாருக்கும் சொல்லப்போவதில்லை என்றார். வாழ்த்துகள் என்றும் சொன்னார். தொப்பியைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மச்சான் மேடையில் பூமாலை தொங்கவிட்டுக்கொண்டிருந்தான்.

"மச்சான்," என்றேன். "அது குளோ."

"எது?"

"நடுவில இருக்கிறது."

அவன் திரும்பிப் பார்த்தான். "உங்களுக்கென்ன அத்தான்? கூரையைப் பாருங்கோ. குளோவுக்கு ஆர் உப்பிடிக் கூரை போடுவான்?"

"காசுக்காரன்."

"அப்ப இதயம்?"

"காத்துக்கு."

அவன் கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தான். "அப்ப நிறைகுடம்?"

"நிறைஞ்சுதான் இருக்கு," என்றேன். "தண்ணி இல்லை."

மச்சான் ஏணிப்படியில் தொப்பென்று இருந்துவிட்டான்.

பனரை அவிழ்க்க முடியாது. அவிழ்த்தால் பின்னால் பன்றி. பன்றி வந்தால் ஐயர் போவார். மணவறையும் பனரின் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. ஒன்றைக் கழற்றினால் மற்றது விழும். மாப்பிள்ளை வீட்டாரின் பஸ் எல்லையைத் தாண்டிவிட்டதாக ஏற்கெனவே போன் வந்திருந்தது.

"ஒரு சாமிப் படத்தை ஒட்டுவம்," என்றான் மச்சான். "பிள்ளையார் படம் ஒண்டு காருக்குள்ள கிடக்கு. கதவுக்கு அளவாயிருக்கும்."

அந்த நேரம் பார்த்து மனுசி வந்தாள். "எந்தக் கதவுக்கு?"

மச்சான் என்னைப் பார்த்தான்.

"எந்தக் கதவுக்கு எண்டு கேக்கிறன்."

சொன்னோம். சொல்ல வேண்டியிருந்தது.

மனுசி கத்தவில்லை. கத்தியிருந்தால் நல்லது. "கக்கூசுக் கதவில பிள்ளையாரை ஒட்டப் போறியளோ?" என்று மட்டும் கேட்டாள். பிறகு பனரின் அடியைப் பார்த்தாள். "நான் அதுக்குத் தேசிக்காயெல்லோ வெட்டி வைச்சனான்," என்றாள்.

"சரி விடு."

"எப்பிடி விடுறது? அவ ஒல்லாந்தில இருக்கிற மனுசி. அவவுக்குத் தெரியாதே? கக்கூசுக்கு முன்னால மோனை இருத்தித் தாலி கட்டுவிச்சவை எண்டு சொல்லமாட்டாவே? சாகுமட்டும் சொல்லுவா. பிள்ளை கேட்டுக்கொண்டு இருக்க வேணும்."

உண்மைதான். 

பலூன் ஒட்டிப் பார்த்தோம். ஐயர் ஓமத்துக்கு நெருப்பு வைத்துப் பார்த்தார். சூட்டில் ஒவ்வொன்றாக வெடித்தது. துப்பாக்கிச் சங்கத்து மண்டபம் என்றபடியால் வந்திருந்த ஆட்கள் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

வாழை மரத்தைக் கொண்டுவந்து நிறுத்தினோம். அது சரிந்து ஐயரின் மேல் விழுந்தது. ஐயர் என்னைப் பார்த்த பார்வை பன்றி பார்த்ததை விட மோசம்.

கடைசியில் ஆள் வைத்து மறைப்பது என்று முடிவு செய்தோம். மணவறைக்குப் பின்னால் சொந்தக்காரர் நிற்பது வழக்கம். மியூனிக்கிலிருந்து என் பெரியம்மாவின் மகன் வந்திருந்தான். உயரம் என்றால் உயரம். எந்தக் கதவுக்கும் குனிந்துதான் வருவான். அவனைக் கூட்டிக்கொண்டு வந்து இதயத்துக்கு முன்னால் நிறுத்தினேன். தலை சரியாக மறைத்தது. வயிறு நிறைகுடத்தை மறைத்தது.

"அண்ணை, நான் சாப்பிட்டிட்டு வரட்டே?"

"இல்லை."

"எவ்வளவு நேரம் நிக்க வேணும்?"

"தாலி கட்டுமட்டும்."

"ஏன் அண்ணை?"

"மரியாதைக்கு," என்றேன்.

அவன் நெஞ்சை நிமிர்த்தினான். இவ்வளவு காலமும் யாரும் அவனிடம் அப்படிச் சொல்லவில்லை போல.

பஸ் வந்தது. மாப்பிள்ளையை மேளத்தோடு கூட்டி வந்தோம். மேளத்தைப் பார்க்க மியூனிக் ஆள் தலையைச் சாய்த்தான், இதயமும் கதவும் வெளியே தெரிந்தன. நான் சம்பந்தி அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் மண்டபத்துக்குள் கால் வைத்தார். மேடையைப் பார்த்தார். நின்றார். முகம் ஒரு மாதிரிப் போனது. பிறகு சரியானது. பக்கத்தில் நின்ற ஒருவரிடம் குனிந்து ஏதோ சொன்னார். நான் என் மனதுக்குள், அவருக்குக் கண்ணாடி இல்லை, தூரம் தெரியாது என்று சொல்லிக்கொண்டேன்.

மந்திரம் தொடங்கியது. மகளைக் கொண்டுவந்து இருத்தினார்கள். கொஞ்ச நேரத்தில் மேடையில் ஒரு புது ஆள் ஏறினார். மாப்பிள்ளையின் சித்தப்பா. எங்கள் மியூனிக் ஆளின் உயரம் இல்லை. ஆனால் அகலம். நேரே போய் அந்த வீட்டுக்கு முன்னால் நின்றார். அங்கேதான் எங்கள் ஆள் நிற்கிறான். இரண்டு பேருக்கும் இடம் போதவில்லை.

நான் பக்கத்தில் நின்றபடியால் எல்லாம் கேட்டது.

"தம்பி, நீர் அங்கால நிண்டால் நல்லாத் தெரியும்."

"எனக்கு இஞ்ச நிண்டாத்தான் தெரியும்."

"நான் மாப்பிள்ளை வீடு."

"நான் பொம்பிளை வீடு. என்னை மரியாதைக்கு நிப்பாட்டியிருக்கினம்."

"என்னையும்தான் நிப்பாட்டினவை. கொஞ்சம் அரக்கி நில்லும்."

"அரக்க ஏலாது, அண்ணை."

ஐயர் மந்திரத்துக்கு நடுவில் திரும்பி "ஷ்" என்றார். இருவரும் பேசாமல் தோளால் தள்ளினார்கள். வீடியோக்காரப் பெடியன் கீழிருந்து கையைக் காட்டிக் கத்தினான்.

"அண்ணைமார், ரெண்டு பேரும் ஒருக்கா விலகுங்கோ. பின்னால வடிவான வீடு ஒண்டு மறைபடுது."

"ஏலாது," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

இடத்துக்குச் சண்டை என்று நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டாருக்கு முன் இடம் கொடுக்கவில்லை என்று இனி ஒரு குறை வரும். மனுசியும் அதையேதான் நினைத்திருப்பாள். அவளுடைய உதடு அசைந்துகொண்டே இருந்தது. கும்பிடுகிறாள்.

மகள் தலை குனிந்து இருந்தாள். தோள் குலுங்கியது. சீலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டாள். முன் வரிசையில் இருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சொன்னார்கள்.

"பாவம் பிள்ளை, அழுகுது."

"தாய் தேப்பனை விட்டிட்டுப் போகப்போகுதெல்லே."

"எங்கட பிள்ளையளும் இருக்குதுகள். கலியாணத்தண்டு பல்லைக் காட்டிக்கொண்டு இருந்துதுகள். இது நல்ல வளர்ப்பு."

நானும் அழுகிறாள் என்றுதான் நினைத்தேன். காட்டவில்லை.

தாலி கட்டியாகிவிட்டது. அறுகரிசி போட்டு வாழ்த்தினார்கள். மியூனிக் ஆள் மேடையால் குதித்துச் சாப்பாட்டுக்கு ஓடினான். சித்தப்பா அவனுக்குப் பின்னால் ஓடினார். சாப்பாட்டு வரிசையிலும் இருவருக்கும் இடம் போதவில்லை.

படம் எடுக்கிற நேரம். சம்பந்தி அம்மா மேடைக்கு ஏறி வந்தார். அவர் என்னை அண்ணை என்பார். நான் அவரை அக்கா என்பேன். இரண்டு பேரில் ஒருவருக்குத்தான் வயது கூட. அதை யாரும் விசாரிக்கவில்லை.

"அண்ணை," என்றார். "உந்தப் பனரை எனக்குத் தாறியளே?"

"ஏன் அக்கா?"

"ஒல்லாந்துக்குக் கொண்டு போகத்தான். ஆசையாயிருக்கு."

அடுத்த கிழமை அங்கே அவர்கள் ஒரு வரவேற்பு வைத்திருந்தார்கள். அவரோடு வேலை செய்கிற வெள்ளைக்காரர் எல்லாரும் வருவார்கள். அங்கே இதைக் கட்டினால் உள்ளே வருகிற முதல் ஆளே சிரிப்பான். பிறகு என் மகள் எப்படி அந்த வீட்டுப் படி ஏறுவது?

சொல்லத்தான் வேண்டும். எனக்குச் சுற்றிவளைத்துக் கதைக்க வராது.

"அக்கா," என்றேன். "அது கக்கூசு."

"எனக்கு வேண்டாம் அண்ணை. வழியில பஸ்ஸை நிப்பாட்டினவங்கள்."

"அதில்லை அக்கா. உதில இருக்கிறது. அது கக்கூசு."

அவர் பனரின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார். "இதுக்குப் பின்னாலயோ? நான் குசினிப் பக்கம் எண்டெல்லோ நினைச்சன்."

நான் ஏறிப் போய் இதயத்தின் மேல் விரலை வைத்தேன். "இது கதவு. இது காத்து ஓட்டை. இது முழுக்கக் கக்கூசு. அவளின்ர கையில நிறைகுடம் இல்லை. எங்களுக்குக் காலமைதான் தெரியும். தெரிஞ்சு செய்யேல்ல. பிள்ளைக்கு இதில ஒரு பங்கும் இல்லை."

வாழ்க்கையில் நான் ஒரே மூச்சில் அவ்வளவு கதைத்ததில்லை.

சம்பந்தி அம்மா கண்ணை மூடிக்கொண்டார். மணவறைத் தூணைப் பிடித்தார். நான் தண்ணீர் எடுக்கப் போனேன்.

"நில்லுங்கோ அண்ணை," என்றார். "அப்ப உங்களுக்கும் தெரியுமோ?"

"ஓம்."

"நான் இவ்வளவு நேரமும் மோன்ர சித்தப்பாவை நிப்பாட்டி மறைச்சுக்கொண்டெல்லே இருந்தனான்."

"ஏன் அக்கா?"

"படம் அனுப்பினது என்ர மோனெல்லே."

அப்போதுதான் கதை வெளியே வந்தது. மச்சான் நெற்றில் ஒன்றும் தேடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டு, நல்ல ஒல்லாந்துத் தோட்டப் படம் ஒன்று அனுப்பு என்று கேட்டிருக்கிறான். மாப்பிள்ளை வேலை அவசரத்தில் முதலில் கண்டதை அனுப்பியிருக்கிறார். போன கிழமைதான் தாயிடம் சொல்லியிருக்கிறார். தாய் படத்தைப் பார்க்கவில்லை. மண்டபத்துக்குள் வந்துதான் பார்த்தார். பார்த்த உடனே தெரிந்துவிட்டது. அங்கேயும் சின்னப் பிள்ளைக்கும் தெரியுமாம்.

"உங்கட மனுசி என்ன நினைப்பா?" என்றார். "மாப்பிள்ளை வீட்டார் கக்கூசுப் படத்தை அனுப்பிப் பழிச்சவை எண்டு நினைக்கமாட்டாவே? எங்கட பக்கத்தால ஒரு குறையும் வரக்கூடாதெண்டு எனக்கு ஒரு மாதமா நித்திரை இல்லை, அண்ணை. பனரைக் கேட்டதும் அதுக்குத்தான். கொண்டு போய் எரிச்சுவிடுவம் எண்டு."

நான் யோசித்தேன். கேட்க வேண்டியதாக இன்னும் ஒன்று இருந்தது.

"அப்ப அண்டைக்கு வடை?"

"எந்த வடை?"

"எடுத்துப் பாத்திட்டு வைச்சியள்."

அவர் குரலைத் தாழ்த்தினார். "பல்லுக்கட்டு புதுசு அண்ணை. கடிச்சால் வடையோட வந்திடும். சம்பந்தி வீட்டில முதல் நாளே பல்லைக் கழட்டி வைக்கிறதே?"

நான் ஓம் என்றேன். அது நியாயம்தான்.

அவருக்கு மெதுவாகச் சிரிப்பு வரத் தொடங்கியது. கையால் வாயை மூடிக்கொண்டார். பல்லுக்காக இருக்கலாம்.

"நீங்கள் என்ன அண்ணை சொன்னனீங்கள் முதல்? ஒருக்காச் சொல்லுங்கோ."

"கக்கூசு."

"அது டச்சு, அண்ணை. அவங்கட பழைய சொல்லு. கக்ஹவுஸ் எண்டுவாங்கள். எங்கட ஊரை ஆண்டிட்டுப் போகேக்க ஒரு கோட்டையையும் உந்தச் சொல்லையும் விட்டிட்டுப் போனவங்கள். நல்ல டச்சு கதைக்கிறியள்."

என் மகள் டச்சுப் படிக்க ஒரு வருடமாக வகுப்புக்குப் போனவள். நான் போகாமலே ஒரு சொல் வைத்திருந்திருக்கிறேன்.

மனுசியைக் கூப்பிட்டுச் சொன்னோம். அவள் முதலில் நம்பவில்லை. பிறகு சம்பந்தி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு மச்சானைத் தேடினாள். மச்சான் குசினிக்குள் பெரிய பானை ஒன்றை மினுக்கிக்கொண்டு நின்றான். அது ஏற்கெனவே கழுவிய பானை.

"நெற் முழுக்கத் தேடினனியோ?" என்று கேட்டேன்.

"போனும் நெற்றிலதானே அத்தான் வேலை செய்யுது," என்றான்.

மகளிடம் போனேன். கண் சிவந்திருந்தது.

"அழாத," என்றேன். "கிட்டத்தானே. மூண்டு மணித்தியாலத்தில வந்திடுவம்."

"ஆர் அப்பா அழுதது?" என்றாள். "பிளும்ஸ்குளோ அப்பா. நான் வரேக்கயே கண்டிட்டன். இவருக்குக் காதுக்குள்ள சொன்னன். இவருக்கு ஐயர் சொல்லித் தந்த மந்திரம் ஒண்டும் வாயில வரேல்ல. அந்த ஆம்பிளைச் சிலைக்குச் சீலை உடுத்தினது ஆர்?"

"மாமா."

அவள் மறுபடியும் முகத்தை மூடிக்கொண்டாள். தூரத்தில் நின்ற பெண்கள் 'பாவம்' என்றார்கள்.

பனரை எரிக்கவில்லை. மண்டபத்து ஜெர்மன்காரர் கேட்டார். கொடுத்துவிட்டோம். சங்கத்தில் பியர் குடிக்கிற அறைக்குப் பக்கத்தில், கழிப்பறைக்குப் போகிற வழியில் தொங்குகிறது என்று கேள்வி. சீலை உடுத்த தாடிக்காரரைப் பற்றி அங்கே ஒவ்வொருவரும் ஒவ்வொரு விளக்கம் சொல்கிறார்களாம்.

மகள் போய்ச் சேர்ந்தாள். போனில் சுகம் என்பாள். மனுசி நம்பமாட்டாள். "பிள்ளை சொல்லாது," என்பாள். "தாய்க்குக் கவலை வருமெண்டு மறைக்கும்." ஒவ்வொரு தொலைபேசிக்குப் பிறகும் இதையே சொன்னாள். சம்பந்தி அம்மா கலியாணத்தன்று சிரித்தது கணக்கில்லையாம். ஒரே வாசலில் ஏறி இறங்கும்போதுதான் ஆள் தெரியுமாம்.

வசந்தம் வந்தபோது ஒல்லாந்துக்குப் போனோம். மகள்தான் கேட்டாள், அந்தப் படத்தைப் பார்ப்போமா என்று. உண்மையான படம் அங்கே ஒரு மியூசியத்தில் இருக்கிறதாம். எல்லாருமாகப் போனோம்.

படம் சின்னது. எங்கள் பேக்கரியில் பன் வைக்கிற தட்டைவிடச் சின்னது. தங்க நிறச் சட்டம். நான் நெடுநேரம் தேடித்தான் அந்த வெள்ளை வீட்டைக் கண்டேன். சிலைகளுக்குச் சீலை இல்லை. சம்பந்தி அம்மா அந்தப் பக்கம் பார்க்காமல் மயிலைப் பார்த்தார்.

"சீலையோட வடிவாயிருந்தது, மாமி," என்றாள் மகள்.

"வாயை மூடு. ஆக்கள் பாக்கிறாங்கள்."

நான் வியாபாரியைப் பார்த்தேன். இதில் அவர் என் விரல் அளவு. அதே வயிறு. தடியை நீட்டிக்கொண்டு நிற்கிறார். இவ்வளவு தோட்டம், வாய்க்கால், தோடை மரம். மனிதர் இதெல்லாவற்றையும் விட்டுவிட்டு அதைத்தான் காட்டுகிறார். அந்தக் காலத்தில் மற்றவர்கள் வேலிக்குப் பின்னால் போயிருப்பார்கள். இவர் கூரை போட்டுக் கட்டினார். ஓவியரைப் பிடித்துக் கீறுவித்தார். எங்கள் வீட்டுக் குளியலறைக்கு நான் டைல்ஸ் போட்டபோது வந்த ஆட்களையெல்லாம் கூட்டிக்கொண்டு போய்க் காட்டினேன். தேத்தண்ணி குடிக்க முன்னமே காட்டினேன். அவரை எனக்கு விளங்கியது.

சுவரோரம் ஒரு வாங்கு கிடந்தது. மனுசியும் நானும் அதில் உட்கார்ந்தோம். மகளும் மாமியும் படத்துக்குக் கிட்ட நின்றார்கள்.

"மாமி, வீட்டுக்குள்ள ஆளிருக்கு. இதயத்தால பாருங்கோ. ஏதோ தெரியுது."

"கிட்டப் போகாத எண்டு எத்தினை தரம் சொல்லுறது? மாடு. பொலிஸைக் கூப்பிடுவாங்கள்."

"நீங்கள்தானே மாமி மூக்கு முட்டப் போனது."

"எனக்குக் கண் தெரியாது. உனக்கென்ன? குளிருக்குள்ள சுவெட்டரும் போடாமல் வந்து நிக்குது. காய்ச்சல் வந்தால் ஆர் பாக்கிறது? நான்தான் பாக்க வேணும். மாடு."

மனுசி என் கையைப் பிடித்தாள். "கேட்டனீங்களே? பிள்ளையை ஏசுறா."

"ம்."

"மாடு எண்டுறா."

"காலமை தன்ர மோனையும் அப்பிடித்தான் ஏசினவ," என்றேன். "இதே சொல்லு. இதே குரல்."

மனுசி யோசித்தாள். காலையில் தேத்தண்ணிக் கோப்பையைக் கழுவாமல் வைத்ததற்கு மாப்பிள்ளை வாங்கிய பேச்சை அவளும் கேட்டவள்தான். கொஞ்ச நேரம் அவர்கள் இருவரையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கைப்பையை என் மடியில் வைத்தாள். எழுந்து போனாள்.

"தள்ளுங்கோ ரெண்டு பேரும்," என்றாள். "ஆர் உள்ளுக்க இருக்கிறது? நானும் பாக்கிறன்."

மூன்று பேரும் ஒன்றாகக் குனிந்தார்கள். அலாரம் அடித்தது.